புது கம்ப்யூட்டர், நாலு டெராபைட், எத்தனை டிரைவ்?

"மாமா, சி, டி, இ, எஃப்னு நாலாப் பிரிச்சுக் குடுங்க, அது போதும்."

சிபியு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய மச்சினன் கேட்டது இவ்வளவுதான். கல்யாண போட்டோவும் வீடியோவும் அவன் தொழில். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நாள் முழுக்க அலைந்து, கடைக்குக் கடை விலை கேட்டு, அங்கேயே அசெம்பிள் செய்து வாங்கிய புது மிஷின். விண்டோஸுக்கு 1 டெராபைட் எஸ்எஸ்டி, படங்களுக்கு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11-ஐயும் கடையிலேயே ஏற்றிக் கொடுத்திருந்தார்கள்.

டிரைவ் பிரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் அதற்கு ஐந்தாறு வழி இருக்கிறது. ஒரு வழியில் காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இன்னொரு வழியில் ராத்திரி முழுக்கக் கரண்ட் போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லா வழியையும் ஒருமுறையாவது செய்துபார்த்து, ஒன்றில் சூடும் பட்டவன் என்ற முறையில் என் கணிப்பு இது: பார்ட்டிஷனின், அதாவது டிஸ்க்கைப் பிரித்த ஒவ்வொரு துண்டின், வால் பக்கத்தை (முடிவை) வெட்டுவதில் பயமில்லை, தலைப் பக்கத்தை (தொடக்கத்தை) நகர்த்துவதில்தான் பயம். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். 1 டெராபைட் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்றும், 4 டெராபைட் வாங்கினால் 3.63 டெராபைட் என்றும் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் பெருக்கி எழுதுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

மச்சினனின் டிஸ்க்கில் மாயமானது மட்டும் அந்தக் கணக்கில் வராது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். 4 டெராபைட் டிஸ்க்கின் பட்டை இரண்டு துண்டாக நின்றது. இடது பக்கம் நீலத் தலைப்போடு 2048 ஜிபி. வலது பக்கம் கறுப்புத் தலைப்போடு ஏறக்குறைய 1,678 ஜிபி, "அன்அலோகேட்டட்" என்ற எழுத்தோடு. சரி, காலி இடம்தானே என்று அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் புது வால்யூம் (அதாவது டிரைவ்) உருவாக்கும் வரி மங்கிக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை. "கடையில கேட்டேன் மாமா, அது அப்படித்தான் வரும்னாங்க" என்றான்.

அப்படி வரக் கூடாது. டிஸ்க்கை முதன்முதலில் தயார் செய்யும்போது, எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எந்த முறையில் எழுதுவது, எம்பிஆரா ஜிபிடியா என்று ஒரு கேள்வி வரும். எந்தப் பழக்கத்தில் செய்தார்களோ, அந்தக் கடையில் எம்பிஆரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எம்பிஆர் 1983-இல் டாஸ் காலத்தில் வந்த முறை. டிஸ்க்கை 512 பைட் கட்டங்களாக எண்ணி, அந்த எண்ணை 32 பிட்டில் எழுதிவைக்கும். 32 பிட்டில் அடங்கும் எண் 429 கோடிச் சொச்சம். அதை 512-ஆல் பெருக்கினால் விண்டோஸ் கணக்கில் சரியாக 2 டெராபைட். அதற்கு அப்பால் இருக்கும் இடத்துக்கு விலாசம் எழுத அந்த முறையில் வழியே கிடையாது. போதாக்குறைக்கு, நாலு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேலும் போட முடியாது. ஜிபிடிக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. விண்டோஸில் 128 பார்ட்டிஷன் வரை இடம் உண்டு. பார்ட்டிஷன் அட்டவணையின் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் எழுதிவைப்பதால், முதல் பிரதி கெட்டாலும் மீட்க வழி இருக்கும்.

ஆகவே 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் எம்பிஆரா ஜிபிடியா என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை, ஜிபிடிதான். சின்ன டிஸ்க்காக இருந்தாலும் புது மிஷினில் ஜிபிடியே போடுங்கள். மிஷினை எழுப்பும் புது முறையான யுஇஎஃப்ஐ-இல் விண்டோஸ் 11 ஏறுவதற்கு அதுதான் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மச்சினன் ஏற்கெனவே பழைய கல்யாணங்களை 600 ஜிபி அளவுக்கு அதில் ஏற்றிவைத்திருந்தான். டிஸ்க் மேனேஜ்மென்ட் எம்பிஆரை ஜிபிடியாக மாற்ற வேண்டுமானால் டிஸ்க் காலியாக இருக்க வேண்டும். விண்டோஸோடு வரும் எம்பிஆர்டுஜிபிடி என்ற கருவி, விண்டோஸ் இருக்கும் டிஸ்க்குக்குத்தான், படம் போடும் டிஸ்க்குக்கு அல்ல. டேட்டா போகாமல் மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் வெளி மென்பொருள்கள் இருக்கின்றன, பெரும்பாலும் மாற்றியும் தரும். ஆனால் அப்படியே மாற்றினாலும் முன்னதாக ஒரு நகல் எடுத்துத்தானே ஆக வேண்டும்? நகல் எடுத்த பிறகு டிஸ்க்கைக் காலி செய்ய என்ன தயக்கம்? பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மாட்டி 600 ஜிபியையும் வெளியே எடுத்தோம். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நாலைந்து ஃபோல்டரைத் திறந்து, வீடியோ ஓடுகிறதா என்று பார்த்து, அப்புறம் வால்யூமை அழித்து ஜிபிடி ஆக்கினோம். மாற்றும் வேலைக்கு ஆனது பத்து விநாடி.

நாலாகப் பிரிக்க வேண்டுமா?

"இப்ப பிரிச்சுடலாமா? கல்யாணத்துக்கு ஒன்னு, வளைகாப்பு காதுகுத்துக்கு ஒன்னு, ஆல்பத்துக்கு ஒன்னு…"

இந்த 'டி டிரைவ்' பழக்கம் நம் ஊரில் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதைதான். விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் வைரஸ் வந்தாலும், மிஷின் மெதுவானாலும் கம்ப்யூட்டர் கடைப் பையன் வந்து முதலில் செய்வது 'ஃபார்மேட்' அடிப்பது. சி டிரைவ் துடைத்துப்போகும். டி டிரைவில் இருப்பது பிழைக்கும். அதனால் எதையும் டி-யில் போடு என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்தது. அன்றைக்கு அது நல்ல யோசனைதான். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைப் பொறுத்தவரை இன்றைக்கும் அதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் விண்டோஸே இல்லாத 4 டெராபைட் டிஸ்க்கை எதற்கு நாலாக வெட்ட வேண்டும்? தை மாதம் முகூர்த்தம் மேல் முகூர்த்தமாக வரும்போது கல்யாண டிரைவ் நிரம்பி வழியும், காதுகுத்து டிரைவ் காத்து வாங்கும். இங்கே இடம் இல்லை, அங்கே இடம் இருக்கிறது, இரண்டையும் சேர்க்க முடியாது. ஃபோல்டருக்கு இந்தக் கஷ்டமே இல்லை, எது வளர்ந்தாலும் மொத்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வேகத்திலும் வித்தியாசம் உண்டு. ஒரே பார்ட்டிஷனுக்குள் 200 ஜிபி ஃபோல்டரை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் கண் சிமிட்டும் நேரம்தான், ஏனென்றால் பெயர்ப் பதிவு மட்டுமே மாறுகிறது. ஒரு பார்ட்டிஷனிலிருந்து இன்னொன்றுக்கு என்றால், ஒரே டிஸ்க்காக இருந்தாலும் ஒவ்வொரு பைட்டையும் படித்து மறுபடி எழுத வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அதன் முள் அங்கும் இங்கும் ஓடி ஓடிச் செய்யும் வேலை அது.

'பிரித்து வைத்தால் ஒன்று போனாலும் இன்னொன்று தப்பிக்குமே' என்பது அடுத்த வாதம். எந்த ஃபைல் எங்கே என்று குறித்துவைக்கும் ஃபைல் சிஸ்டம் ஒரு பார்ட்டிஷனில் மட்டும் கெட்டால் தப்பிக்கும், உண்மை. டிஸ்க்கே கீழே விழுந்தாலோ, மோட்டார் நின்றாலோ, நாலும் சேர்ந்துதான் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் சி நனைந்து டி நனையாமல் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே 4 டெராபைட்டுக்கு என் தீர்ப்பு: ஜிபிடி, ஒரே பார்ட்டிஷன், விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ். அவனுக்கு முகம் கொஞ்சம் வாடியது. காசு கொடுத்து வாங்கியதில் எழுத்து குறைகிறதே என்று நினைத்தான் போல.

எஸ்எஸ்டி கதை வேறு

1 டெராபைட் எஸ்எஸ்டியில் 931 ஜிபி. அதில் விண்டோஸுக்கு வேண்டிய சின்னச் சின்ன பார்ட்டிஷன்கள் போக மீதி முழுக்க ஒரே சி டிரைவ். இப்போது வாங்கும் பெரும்பாலான லேப்டாப்களும் இப்படித்தான் வரும். இதை என்ன செய்யலாம்?

ஒன்றும் செய்யாமல் விடலாம். கேட்பதற்குச் சோம்பேறித்தனமாகத் தோன்றும், ஆனால் என் சொந்த லேப்டாப்பில் நான் செய்திருப்பது இதுதான். விண்டோஸ் மக்கர் செய்தால் 'ரீசெட் திஸ் பிசி'யில் சொந்த ஃபைல்களை வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஃபைல்களின் நகல் வெளியே ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. டாகுமென்ட்ஸ் ஃபோல்டர் சி-யில் வேண்டாம் என்றால் அதன் பிராப்பர்ட்டிஸில் லொகேஷன் என்ற தாவலுக்குப் போய் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். அதற்குப் பார்ட்டிஷனை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் இந்த யோசனை மிஷினை யார் தொடப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. என் லேப்டாப்பை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. மச்சினனின் மிஷினில் கல்யாண சீசனில் ஏதாவது மக்கர் வந்தால் அவன் என்னைக் கேட்க மாட்டான், பக்கத்துத் தெருக் கடைக்குத்தான் கொண்டுபோவான். அவர்கள் முதலில் சி-யைத் துடைப்பார்கள். பாதி எடிட் செய்த கல்யாணம் டெஸ்க்டாப்பில் கிடந்தால் போச்சு. அவனுக்கு டி டிரைவ் வேண்டும்தான், பழைய காரணத்துக்கே.

பிரிக்கும் வழிகளில் முதலாவது, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட். சி-யின் மேல் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். காசும் இல்லை, எதையும் இறக்கவும் வேண்டாம், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். வால் பக்கம்தான் வெட்டும், தலை நகராது. நான் முதலில் கை வைப்பது இதில்தான். ஆனால் புதிதாகச் செய்பவர்கள் வழுக்கி விழும் இடம் இரண்டு இருக்கிறது.

ஒன்று, அந்தப் பெட்டியில் கேட்கும் எண். சி எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை, சி-யிலிருந்து எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்கிறது. அதுவும் எம்பி கணக்கில். 530 ஜிபி வேண்டும் என்றால் 530-ஐ 1024-ஆல் பெருக்கி 542720 என்று அடிக்க வேண்டும். 530 என்று மட்டும் அடித்துவிட்டு, அரை ஜிபிக்கு ஒரு டி டிரைவை உருவாக்கி, 'கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு' என்று வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு, நினைத்த அளவுக்குக் குறைக்க விடாது. மச்சினனின் சி-யில் விண்டோஸும் நாலு மென்பொருளும் சேர்ந்து 60 ஜிபிதான். மீதி 870 ஜிபி காலி. அப்படியிருந்தும் அதிகபட்சம் 451000 எம்பிக்குக் கொஞ்சம் மேலேதான் குறைக்கலாம் என்றது, அதாவது 440 ஜிபி. காரணம், டிரைவின் நடுவில் நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று உட்கார்ந்திருப்பது. பஸ்ஸில் எல்லா சீட்டும் காலியாக இருந்தாலும் நடுச் சீட்டில் ஒருவர் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் பின்பாதியைக் கழற்ற முடியாது, அல்லவா? அந்த ஆள் பெரும்பாலும் மூவரில் ஒருவராக இருப்பார்: மிஷின் தூங்கும்போது ரேமில் உள்ளதை எழுதிவைக்கும் ஹைபர்னேட் ஃபைல், ரேம் போதாதபோது உதவும் பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோருக்கான நகல்கள். சில சமயம் என்டிஎஃப்எஸ்-இன் சொந்தப் பதிவேடு. யார் என்று தெரிய வேண்டுமானால் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் 259 என்ற எண்ணுள்ள பதிவைப் பாருங்கள். கடைசியாகத் தடுத்த ஃபைலின் பெயரை அதிலேயே எழுதியிருக்கும்.

நாங்கள் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தினோம். ஹைபர்னேட்டை ஒரு கட்டளையில் அணைத்து, பேஜ் ஃபைலை 'வேண்டாம்' என்று வைத்து, சிஸ்டம் புரொடெக்ஷனை நிறுத்தி, ஒரு ரீஸ்டார்ட். திரும்ப ஷ்ரிங்க் வால்யூம் போனால் 800 ஜிபிக்கு மேல் குறைக்கலாம் என்று வழிவிட்டது. வேலை முடிந்ததும் மூன்றையும் மறக்காமல் திரும்பப் போட்டுவிட வேண்டும், முக்கியமாக பேஜ் ஃபைலை. வீடியோ எடிட்டிங் மென்பொருள் ரேமைக் குடிக்கும்போது அது இல்லாவிட்டால் மிஷின் பாதியில் படுத்துவிடும்.

இரண்டாவது வழி, விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போதே பிரித்துவிடுவது. இன்ஸ்டால் செய்யும் திரையில் பழைய பார்ட்டிஷன்களை அழித்துவிட்டு, சி-க்கு வேண்டிய அளவைக் கொடுத்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். மிஷினை எழுப்பும் ஃபைல்களுக்கு இஎஃப்ஐ பார்ட்டிஷன், 16 எம்பிக்கு விண்டோஸின் ஒதுக்கீடு என்று வழக்கமானவற்றைத் தானாகவே போட்டுவிடும். டிஸ்க்கில் ஒன்றுமே இல்லாததால் வெட்டுவதும் இல்லை, நகர்த்துவதும் இல்லை. பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தால் எல்லாவற்றிலும் மேல் இதுதான். அசெம்பிள் மிஷின் வாங்கும் அன்றைக்கே கடையில் 'சி-க்கு 400 ஜிபி வைத்து மீதியை விடுங்க, 4 டெராபைட்டை ஜிபிடி பண்ணுங்க' என்று சொல்லியிருந்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

கம்பெனித் தயாரிப்பாக வாங்கும் லேப்டாப்புக்கு இதை நான் அவ்வளவு எளிதில் சொல்ல மாட்டேன். விண்டோஸின் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால் அதற்குப் பயமில்லை. ஆனால் விண்டோஸ் கெட்டால் மீட்பதற்குக் கம்பெனி வைத்த ரெக்கவரி பார்ட்டிஷன் போய்விடும். சில லேப்டாப்பில், டிஸ்க்கை விண்டோஸுக்குக் காட்டும் இன்டெல் விஎம்டி டிரைவர் என்ற துணை மென்பொருள் இல்லாமல் இன்ஸ்டால் திரையில் டிஸ்க்கே தெரியாது. இன்னும் சிலதில் வைஃபை டிரைவர் இல்லாமல், இன்டர்நெட் கேட்கும் இடத்தில் நின்றுவிடும். இரண்டு டிஸ்க் உள்ள டெஸ்க்டாப்பில் இன்னொரு எச்சரிக்கை: விண்டோஸ் ஏற்றும்போது மற்ற டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் ஃபைல்கள் சில சமயம் அந்த டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒருநாள் அதைக் கழற்றும்போது விண்டோஸ் எழுந்திருக்காது.

மூன்றாவது வழி, மினிடூல், ஏஓமெய், ஈஸ்அஸ் போன்ற வெளி மென்பொருள்கள். படம் பார்த்து இழுத்தால் போதும், டிஸ்க் மேனேஜ்மென்ட் மறுக்கும் நகர்த்தலையும் செய்யும். இலவசப் பதிப்பில் எல்லா வசதியும் கிடைக்காது. இழுப்பது சுலபமாக இருப்பதாலேயே எவ்வளவு பெரிய வேலையை ஏவுகிறோம் என்று தெரியாமல் ஏவிவிடுவோம், எனக்கு இதில் இருக்கும் குறை அதுதான். 'கிராக்' போட்ட பதிப்பைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். டிஸ்க்கின் அடிமட்டம் வரை கை வைக்கும் மென்பொருள், ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து வரக் கூடாது.

நாலாவது, ஜிபார்ட்டட். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மிஷினை எழுப்பி, விண்டோஸ் தூங்கும்போது வேலை செய்வது. இலவசம், நேர்மையானது, பல வருடமாக லினக்ஸ்காரர்களின் கையாள். விண்டோஸை முழுசாக ஷட்டவுன் செய்திருக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், அந்த நிலையில் டிரைவைத் தொடக் கூடாது. விண்டோஸின் பிட்லாக்கர் என்ற குறியாக்கப் பூட்டு போட்ட டிரைவை இது சுருக்காது. வால் பக்கம் வெட்டுவதற்கு இதுவும் நம்பலாம். ஆனால் இது தலையையும் நகர்த்தும், என் கை சுட்டது அங்கேதான்.

டி-யின் கொல்லைப்புறம்

டிரைவ்கள் வரிசையாக நிற்கும்: சி, அதற்கு வலப்பக்கம் டி. இரண்டு வருடம் கழித்து சி நிரம்புகிறது, டி-யில் 300 ஜிபி காலி. டி-யில் நூறு குறைத்து சி-யில் சேர்த்துவிடலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வலப்பக்கம், அதன் கொல்லைப்புறத்தில் விழும். சி-யை நீட்ட வேண்டுமானால் காலி இடம் சி-யின் வாசலை ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் டி வீடு நிற்கிறது. எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிப்போய்த்தான் இருக்கும். டி-யையே நூறு ஜிபி வலப்பக்கம் தள்ளினால்தான் உண்டு. தள்ளுவது என்றால் டி-யில் உள்ளதையெல்லாம் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் புது இடத்தில் எழுதுவது. தொடக்கம் மாறினால் எல்லாமே மாற வேண்டும்.

பல வருடம் முன்பு என் பழைய டெஸ்க்டாப்பில் இதைத்தான் செய்தேன். டி-யில் 400 ஜிபி. ஒரே ஹார்ட் டிஸ்க்கில் படித்து, அதிலேயே எழுத வேண்டியிருப்பதால் விநாடிக்கு 50 எம்பி வந்தால் பெரிது, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல். காலை எட்டேமுக்காலுக்கு ஆரம்பித்துவிட்டுக் குளிக்கப் போனேன். அன்றைக்கு எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை மின்தடை. முதல் நாள் பேப்பரிலேயே போட்டிருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. இன்வெர்ட்டர் இருந்தது, ஆனால் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும். கம்ப்யூட்டர் பிளக்குக்கு அந்த லைன் கிடையாது.

மறுபடி போட்டபோது டி-யின் பின்பகுதி புது இடத்தில், முன்பகுதி பழைய இடத்தில். எங்கே நின்றது என்று சொல்ல ஆளில்லை. மீட்பு மென்பொருள் போட்டு மூன்று நாள் துழாவியதில் படங்கள் கொஞ்சம் வந்தன, பெயரில்லாமல், தேதியில்லாமல், எண் போட்ட ஆயிரக்கணக்கான ஃபைல்களாக. மகளின் முதல் பிறந்தநாள் மட்டும் தப்பித்தது. அதை ஒரு டிவிடியில் போட்டுத் தங்கைக்குக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான் காரணம்.

அதற்குப் பிறகு நான் டி-யைத் தள்ளுவதே இல்லை. டி-யில் இருப்பதை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்து, டி-யை அழித்து, சி-யை நீட்டி, மீதியில் புது டி போட்டு, நகலைத் திரும்ப ஏற்றுகிறேன். நேரம் ஏறக்குறைய அதேதான் ஆகும். நடுவில் கரண்ட் போனால் நகல் எடுப்பதை மறுபடி ஆரம்பிக்க வேண்டும், நஷ்டம் அவ்வளவே. முதலிலேயே சி-க்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு 250 ஜிபி. வீடியோ வேலை செய்பவர்களுக்கு அது போதாது, பிரீமியர் போன்ற மென்பொருள்கள் தற்காலிக ஃபைல்களைக் கேட்காமலே சி-யில் குவித்துவைக்கும். மச்சினனுக்கு 400 வைத்தது அதனால்தான்.

பழைய சின்ன எஸ்எஸ்டியை அப்படியே பெரியதற்கு நகலெடுத்து (குளோன்) மாற்றியவர்களுக்கும் இதே சுவர்தான் குறுக்கே நிற்கும். சி-க்கும் புதிதாகக் கிடைத்த காலி இடத்துக்கும் நடுவில் அரை ஜிபி, ஒரு ஜிபிக்கு ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். விண்டோஸில் ரீஏஜென்ட்சி என்ற கட்டளையால் ரெக்கவரியை முதலில் அணைத்தால் அதன் ஃபைல் சி-க்குத் திரும்பிவிடும். பிறகு அந்தப் பார்ட்டிஷனை அழித்து, சி-யை நீட்டி, கடைசியில் ஒரு ஜிபி விட்டு அதில் புது ரெக்கவரி பார்ட்டிஷன் போட்டு, அதே கட்டளையால் திரும்ப இயக்கலாம். அந்த ஒரு ஜிபியில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாமல் பலருக்கு ஏறவே இல்லை. அதை 250 எம்பி பெரிதாக்குங்கள் என்று மைக்ரோசாஃப்டே வழிமுறை வெளியிட வேண்டியிருந்தது.

லினக்ஸும் சேர்த்துப் போட நினைப்பவர்களுக்கு ஒரே வரி: விண்டோஸை விண்டோஸாலேயே சுருக்கி, காலி இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், லினக்ஸ் இன்ஸ்டாலர் அதை எடுத்துக்கொள்ளும்.

கை வைப்பதற்கு முன்

நகல் பற்றிச் சொல்லியாயிற்று. அடுத்தது பிட்லாக்கர். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல மிஷின்களில் டிரைவ் தானாகவே பூட்டிக்கொள்ளும். 24ஹெச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. பூட்டியிருப்பதே பலருக்குத் தெரியாது. பார்ட்டிஷனையோ பயாஸையோ மாற்றிய பிறகு ஒருநாள் நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும்போதுதான் தெரியும். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று தேடிப் பாருங்கள். பூட்டியிருந்தால் அந்த எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் ஒன்று அழிந்தால் ஹார்ட் டிஸ்க் மாதிரி தேடி எடுக்க முடியாது. அழித்த இடத்தை டிரிம் என்ற ஏற்பாடு சீக்கிரமே துடைத்துவிடும்.

அப்புறம் கரண்ட். லேப்டாப் என்றால் சார்ஜ் முழுக்க ஏற்றி, சார்ஜரையும் மாட்டிவைத்தால் போதும். டெஸ்க்டாப்புக்குச் சின்ன யுபிஎஸ் இருந்தால்கூட ஷ்ரிங்க் மாதிரி வேலைக்குத் தாங்கும், மணிக்கணக்கில் ஓடும் நகர்த்தலுக்குத் தாங்காது. ஐப்பசி கார்த்திகை மழையில், புயல் சின்னம் என்று டிவியில் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வேலையை எடுக்க வேண்டாம்.

அன்று சாயங்காலம் மச்சினனின் மிஷின் கிளம்பும்போது எஸ்எஸ்டியில் சி 400 ஜிபி, டி 530 ஜிபி. 4 டெராபைட்டில் இ என்று ஒரே ஒரு டிரைவ். மூன்றுக்கும் பெயர் வைத்தோம்: 'விண்டோஸ்', 'இப்போதைய வேலை', 'கல்யாணங்கள்'. இந்தப் பெயர் இன்ஸ்டால் திரையிலும் தெரியும் என்பதால் கடைப் பையன் எதைத் துடைக்கிறோம் என்று ஒரு நொடியாவது யோசிப்பான். 600 ஜிபி உள்ள பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அவன் கையில் கொடுக்காமல் நான் வைத்துக்கொண்டேன். 48 இலக்கம் எழுதிய தாளை அவன் அக்கா பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.